பலாலிக் கோபுரத்தில் யார் அமர்வார்கள்?

பலாலி பற்றிய செய்திகளில் ஓடுபாதையின் நீளம் வரும். காணி வரும். சென்னைக்கான பயணச்சீட்டின் விலையும், கொண்டுவரக்கூடிய பொதியின் எடையும்கூட வரும். இறங்கும் விமானத்துக்கு "இறங்கலாம்" என்று அனுமதி கொடுக்கும் குரல் யாருடையது என்ற கேள்வி மட்டும் வருவதில்லை.

1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களின் வீடுகளும் தோட்டங்களும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது. இன்னொரு பகுதிக்காகப் போராட்டம் தொடர்கிறது. 2019 ஒக்டோபர் 17 இல் அதே மண்ணில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. கொரோனாவோடு நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. விமான நிலையம் வளர்ந்தால் வடக்கின் இளைஞர்களுக்கு வேலை வரும் என்று எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறோம். எந்த வேலை என்று கேட்டவர்கள் குறைவு. பொதி தூக்குவதும் வேலைதான், வாயிலில் நிற்பதும் வேலைதான். ஆனால் காணியைக் கொடுத்த, சரியாகச் சொன்னால் காணி பறிக்கப்பட்ட, ஒரு சமூகம் அதற்கு மேலே உள்ள கதிரைகளைப் பற்றியும் கேட்கலாம்.

அவற்றில் ஒன்று விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் கதிரை. இந்த வேலை என்றதும் ஓடுபாதையோரம் இரு கைகளிலும் மட்டை பிடித்து விமானத்துக்குச் சைகை காட்டுபவரைத்தான் நம்மில் பலர் நினைக்கிறோம். அது வேறு வேலை. கட்டுப்பாட்டாளர் விமானங்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி வைப்பவர். கோபுரத்தில் இருப்பவர் ஓடுபாதையையும் அதன் அயலையும் பார்ப்பார். அணுகுகைப் பிரிவில் இருப்பவர் இறங்க வரும் விமானங்களை வரிசைப்படுத்துவார். பிரதேசக் கட்டுப்பாட்டில் இருப்பவர் நாம் அண்ணாந்து பார்த்தாலும் தெரியாத உயரத்தில் போகும் விமானங்களைக் கையாள்வார். இரு விமானங்களுக்கிடையே செங்குத்தாக 1,000 அடி, அல்லது ரேடார் பார்வையில் கிடையாக பொதுவாக ஐந்து கடல் மைல்: இந்த இரண்டில் ஒன்றாவது எப்போதும் இருக்க வேண்டும்.

இலங்கையின் பொறுப்பில் உள்ள வான்பரப்பு தீவின் எல்லையோடு முடிவதில்லை. கொழும்பு விமானத் தகவல் வலயம் இந்து சமுத்திரத்தின் மேலே தெற்கிலும் கிழக்கிலும் வெகுதூரம் விரிந்து கிடக்கிறது. இங்கே இறங்காமலே கடந்து போகும் விமானங்களும் கட்டணம் செலுத்துகின்றன. டொலருக்கு வரிசையில் நின்ற நாட்டில் இது சின்ன விடயமல்ல.

அந்த வரிசைகள் நின்ற 2022 க்குப் பின்னர்தான் இந்தத் துறையிலும் ஆட்கள் வெளியேறத் தொடங்கினார்கள். வைத்தியர்கள் போனது பெரிய செய்தியானது. அனுபவமுள்ள கட்டுப்பாட்டாளர்கள் போனதும், எஞ்சியவர்களின் பணிச்சுமை கூடியதும் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. ஆளணிக் குறைவு இந்தத் தொழிலில் வெறும் நிர்வாகப் பிரச்சினை அல்ல. 2002 ஜூலை 1 இரவு ஜேர்மனியின் ஊபர்லிங்கன் நகருக்கு மேலே இரு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தார்கள். அப்போது சூரிச் கட்டுப்பாட்டு நிலையத்தில் ஒரே ஒருவர் இரண்டு மேசைகளைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியேறியவர்களின் இடத்தை ஒரு வருடத்தில் நிரப்ப முடியாது. பயிலுனராகச் சேருபவர் முதலில் வகுப்பறையில் வான் சட்டம், வானிலை, வழிகாணல், விமானங்களின் இயல்பு, வானொலியில் பேசும் முறை ஆகியவற்றைப் படிக்கிறார். பிறகு சிமியுலேட்டர். அங்கே பயிற்றுநர் வேண்டுமென்றே ஓடுபாதையை மூடுவார், இயந்திரக் கோளாறு ஒன்றை உருவாக்குவார், இரண்டையும் ஒரே நிமிடத்தில் செய்வார். அதன் பின்னரே உண்மையான விமானங்கள். அப்போதும் அனுமதிப்பத்திரமுள்ள ஒருவர் பக்கத்தில் அமர்ந்து அதே உரையாடலைக் கேட்டுக்கொண்டிருப்பார். பிழை வந்தால் அந்த நொடியே குறுக்கிடுவார். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, அனுமதிப்பத்திரத்துக்குக் குறைந்தபட்ச வயது 21. குறைந்தது மூன்று மாதங்கள் மேற்பார்வையின் கீழ் நேரடிக் கட்டுப்பாட்டு வேலை செய்திருக்க வேண்டும். இடையில் விலக்கப்படுபவர்களும் உண்டு. உலகம் முழுவதும் அப்படித்தான்.

மொழிக்கு வருவோம். இந்த நாட்டில் அரச வேலை என்றதும் நமக்கு முதலில் எழும் பயம் சிங்களம். வானொலியில் விமானியோடு பேசுவதற்கு சிங்களமும் தேவையில்லை, தமிழும் உதவாது, ஆங்கிலம்தான். 1996 நவம்பர் 12 இல் டில்லிக்கு அருகே சார்க்கி தாத்ரியில் சவூதி விமானமும் கஸகஸ்தான் விமானமும் வானில் மோதி 349 பேர் மாண்டார்கள். கஸக் விமானிகளின் போதாத ஆங்கிலம் அந்த விசாரணையில் முக்கியமாகப் பேசப்பட்டது. இத்தகைய விபத்துகளைத் தொடர்ந்து 2003 இல் உலகளாவிய ஆங்கிலத் தேர்ச்சி விதி வந்தது. ஆறு படிநிலைகளில் குறைந்தது நான்காவதை எட்ட வேண்டும். நான்காவதில் இருப்பவர் மூன்று வருடங்களுக்கு ஒருமுறை மீண்டும் சோதிக்கப்படுவார்.

இது இலக்கணப் பரீட்சை அல்ல. இரைச்சலுக்குள், அறியாத உச்சரிப்பில் வரும் வார்த்தையைப் பிடித்து, உடனே தெளிவாகப் பதில் சொல்லும் திறன். சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு 'ஏ' எடுத்துவிட்டு, தொலைபேசியில் ஒரு நிமிடம் ஆங்கிலம் பேசத் தடுமாறும் பிள்ளைகள் நம் பாடசாலைகளில் நிறையவே இருக்கிறார்கள். பிழை அவர்களுடையது அல்ல. கிராமப் பாடசாலையில் ஆங்கில ஆசிரியர் இருந்தால் அவர் புத்தகத்தை முடிக்க வேண்டும். பேசுவதற்கு நேரமில்லை.

கணிதப் பிரிவிலும் ஒரு சிக்கல். வன்னியில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் எடுக்கும் பிள்ளைக்கு எல்லோரும் காட்டுவது பொறியியல் பீடம் ஒன்றையே. இசற் புள்ளி சிறிதாகத் தவறினால் இரண்டாம் தடவை, பிறகு மூன்றாம் தடவை. அதற்குள் வயது ஓடிவிடுகிறது. பயிலுனர் ஆட்சேர்ப்புகளுக்கோ வயதெல்லை உண்டு. இணைந்த கணிதத்தில் நன்றாகச் செய்த ஒரு பிள்ளை மூன்றாம் தடவை ரியூஷனுக்குப் போகும் வருடத்தில் ஒரு விளம்பரம் வந்து போயிருக்கும். வீட்டில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பார்த்தாலும் விண்ணப்பிக்கத் தயங்க வைக்கும் இன்னொன்று இருக்கிறது, அதைப் பேசாமல் விட முடியாது. விமான நிலையங்களின் பாதுகாப்பு வலயத்துக்குள் வேலை செய்பவர்களின் பின்னணி விசாரிக்கப்படுவது உலக வழமை. ஆனால் அண்ணன் புனர்வாழ்வு பெற்று வந்த வீட்டில், அப்பா காணாமல் ஆக்கப்பட்ட வீட்டில், அந்த விசாரணை என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம் உண்டு. "எங்களுக்கு எங்கே தரப் போகிறார்கள்" என்ற முடிவு படிவத்தை நிரப்புவதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. 2009 இல் நான்கு வயதில் முள்ளிவாய்க்காலில் இருந்த பிள்ளையை, குடும்பத்தில் இன்னொருவர் என்ன செய்தார் என்பதை வைத்து அளக்க முடியாது. எந்த அடிப்படையில் ஒருவர் நிராகரிக்கப்படலாம், அதற்கு எதிராக எங்கே முறையிடலாம் என்பது எழுத்தில் வெளியிடப்பட வேண்டும். நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் எழுப்ப வேண்டிய கோரிக்கை இது.

மருத்துவச் சோதனை பற்றியும் தவறான எண்ணங்கள் உண்டு. கண்ணாடி அணிந்தால் தகுதியில்லை என்பது பிழை. கண்ணாடியோடு போதிய பார்வை இருந்தால் போதும். நிறங்களைப் பிரித்தறியும் திறனும் செவிப்புலனும்தான் முக்கியமாகப் பார்க்கப்படும். ஷெல் சத்தத்துக்குள் வளர்ந்தவர்கள் விண்ணப்பத்துக்கு முன்னரே ஒரு செவிப்புலன் சோதனை செய்துகொள்வது நல்லது.

நம் பெற்றோருக்கு விமானம் என்றால் முதலில் கிபிர்தான். புக்காரா, சகடை, வன்னியில் 'வண்டு' என்று நாம் சத்தத்தால் இனங்கண்டவை. 1998 செப்டெம்பர் 29 இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் 55 பேரோடு கடலில் வீழ்ந்ததை மறக்காத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அந்த வானத்தைக் காக்கும் வேலைக்கு மகளை அனுப்பு என்று சொன்னால் ஒரு தாய் தயங்குவது இயல்பு. இரவு வேலை, கொழும்பை அண்டிய பயிற்சி, அறை வாடகை என்று மற்றக் கணக்குகளும் சேரும்.

இதில் ஓர் ஏமாற்றத்துக்கும் தயாராக இருக்க வேண்டும். கட்டுப்பாட்டாளரின் தகுதி இடத்தோடு கட்டுப்பட்டது. கட்டுநாயக்கவில் தகுதி பெற்றவர் பலாலிக்கு மாறினால் அங்கே மீண்டும் பயிற்சி பெற்றே கதிரையில் அமரலாம். ஊர்ப் பிள்ளை ஊர்க் கோபுரத்துக்கு நேராக வந்துவிட மாட்டார். முதலில் நாட்டின் ஆளணிக்குள் நுழைய வேண்டும்.

ஆட்களைச் சேர்ப்பது விமான நிலைய மற்றும் விமானச் சேவைகள் நிறுவனம். அனுமதிப்பத்திரம் கொடுப்பது சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை. உயர்தரக் கணித வகுப்புள்ள ஒவ்வொரு பாடசாலையிலும் தொழில் வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியர் இந்த இரண்டின் இணையத்தளங்களையும் மாதம் ஒருமுறை பார்த்து, விளம்பரம் வந்தால் அதை அச்சிட்டு அறிவித்தல் பலகையில் ஒட்டலாம். செலவு ஒரு தாள். வலயக் கல்வி அலுவலகங்கள் செய்யக்கூடியது இன்னும் கொஞ்சம் பெரியது: பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மாதங்களில் பேச்சு ஆங்கில வகுப்பு ஒன்றை நடத்தலாம். அந்த மாதங்களில்தான் நம் பிள்ளைகள் வெளிநாட்டு முகவர்களின் வாசலில் நிற்கிறார்கள்.