விலைக்குள் அடங்கிய மனிதர்கள்

கரீபியன் கடலின் பிரித்தானிய வேர்ஜின் தீவுகளில் ஒரு வாரத்துக்கு யொட் வாடகைக்கு விடும் விளம்பரங்களைப் பாருங்கள். சாப்பாடு, குடிவகை, நீச்சல் கண்ணாடி, கப்டன், சமையல்காரர் எல்லாம் விலைக்குள் அடக்கம் எண்டு ஒரே மூச்சில் சொல்லுவார்கள். எங்களுக்கு உறுத்துவது இதுதான். கண்ணாடியும் மனிசரும் எப்பிடி ஒரே பட்டியலுக்குள் வந்தவை?

அங்கே அதிகம் ஓடுவது இரட்டை உடல் கொண்ட கட்டமரான். எங்கட கட்டுமரத்திலிருந்து போன சொல். ஆறு, எட்டு விருந்தினருக்குப் பெரும்பாலும் இரண்டே பேர்தான் வேலைக்கு. விடியக் கோப்பி போடுறது, பாய் ஏத்துறது, மூண்டு நேரமும் சமைக்கிறது, கழிவறை கழுவுறது, நங்கூரம் இழுபடுதா எண்டு சாமத்தில் எழும்பிப் பார்க்கிறது எல்லாம் அந்த இரண்டு பேரும்தான்.

2013 இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் சமவாயம் ஓர் எல்லை வைத்திருக்கிறது: 24 மணித்தியாலத்தில் ஆகக்கூடியது 14 மணித்தியால வேலை, அல்லது ஆகக்குறைந்தது 10 மணித்தியால ஓய்வு. 14 மணித்தியாலம் உழைப்பதே சட்டப்படி சரியாம்! சாமத்தில் காற்றுத் திரும்பினால் அதுவும் மீறப்படும். இரண்டு பேர் மட்டும் உள்ள படகில் அதை ஆர் கணக்கு வைக்கிறது?

"அவை நல்லா டிப்ஸ் வாங்குகினம்தானே" எண்டு சிலர் கேட்பினம். வாங்குகினம். வாடகையில் 15 முதல் 20 வீதம் கொடுப்பது அங்கே வழக்கம். 'பிலோ டெக்' தொலைக்காட்சித் தொடரில் ஒவ்வொரு பயணமும் முடிய டிப்ஸ் காசை எண்ணிப் பிரிப்பதே ஒரு காட்சி. வழக்கம் எண்டால் அது கூலி. பிறகேன் அதை விருந்தினரின் மனநிலைக்கு விடுவான்? எங்கட ஹோட்டல் பில்லில் 10 வீத சேவைக் கட்டணம் எழுதியே வருது. அது தொழிலாளியிட்ட ஒழுங்காப் போய்ச் சேருதா எண்டது வேறு சண்டை. ஆனால் எழுதியிருப்பதால்தான் அந்தச் சண்டையையே பிடிக்க முடியுது. டிப்ஸுக்காகச் சிரிக்கிறவர் எந்தத் தாளைக் காட்டிச் சண்டை பிடிப்பார்?

"விரும்பித்தானே போனவை" எண்டும் சொல்லுவினம். கடலை விரும்பிப் போகலாம். நித்திரையில்லாமல் இருக்க விரும்பி ஆரும் போறதில்லை.

கடலில் விடுமுறை போறதை நாங்கள் எதிர்க்கவில்லை. டிப்ஸைச் சம்பளமாக்கி விலையில் எழுதுங்கள். ஓய்வு நேரத்தை ஒப்பந்தத்தில் போடுங்கள். மூன்றாவது ஆளை ஏற்றுங்கள். விலை கூடும்தான். கூடட்டும், இவ்வளவு நாளும் அந்த மிச்சக் காசைக் கட்டினது அந்த இரண்டு பேரின்ட நித்திரை.