கேலி பேசும் முறைக்காரர்கள் எங்கே?

நடுவயதைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஒரு தனிமனிதரையே கண்முன் நிறுத்துகின்றன. 'நடுவயது நெருக்கடி' என்பதை உளப்பகுப்பாய்வாளர் எலியட் ஜாக்ஸ் 1965-இல் பேசுபொருளாக்கியபோது, தன் சாவு இனித் தொலைவில் இல்லை என்று உணர்கிற மனிதரைப் பற்றியே எழுதினார். பொருளியலாளர்கள் பிளாஞ்ச்ஃபிளவரும் ஆஸ்வால்டும் 2008-இல் பல நாட்டுத் தரவுகளை அலசி, வாழ்க்கை நிறைவு நாற்பதுகளின் நடுவில் அடிமட்டத்தைத் தொட்டுப் பிறகு ஏறுகிறது என்றார்கள். ஆனால், நம் ஊர் நாற்பத்தைந்து வயதுக்காரர் தனியாள் இல்லை. அப்பாவின் சர்க்கரை மாத்திரை, மகளின் டியூஷன் கட்டணம், வீட்டுக் கடன் தவணை எல்லாம் அவர் தலையில்தான். மகனுக்கு நேர நிர்வாகம் பற்றி வகுப்பெடுத்துவிட்டுச் செருப்பை மாட்டும்போது, "குடையை எடுத்தியாடா?" என்று எழுபத்தைந்து வயது அம்மா அதட்டுகிறார். ஒரே வாசற்படியில் அதிகாரியாகவும் அடங்கிய பிள்ளையாகவும் நிற்கும் இந்த நிலையில் நகைச்சுவைக்குப் பஞ்சமே இருக்கக் கூடாது. ஆனாலும் பல நடுவயது வீடுகளில் சிரிப்பு அருகிவருகிறது. சுமைதான் காரணம் என்பது பாதி உண்மை. சிரிப்பதற்கென்று நம் உறவுமுறை ஒதுக்கியிருந்த ஆட்கள் வீட்டைவிட்டுப் போய்விட்டார்கள் என்பது மீதி.

தமிழ்க் குடும்பத்தில் யார் யாரைக் கேலி செய்யலாம் என்பதற்கு எழுதாத சட்டம் உண்டு. அப்பாவிடமும் பெரியப்பாவிடமும் பயம் கலந்த மரியாதை. மாமன், மச்சான், கொழுந்தியாள், மதினி என்றால் வாய்க்குப் பூட்டு கிடையாது. பேரனைப் பார்த்து "என்னைக் கட்டிக்கிறியா?" என்று பாட்டி கேட்கலாம். கோயில் கொடையில் முறைமாமன் மீது மஞ்சள் நீரை ஊற்றலாம்; நலங்கில் சம்பந்தி வீட்டாரைப் பாட்டிலேயே கிண்டலடிக்கலாம். உலகின் பல சமூகங்களிலும் உள்ள இந்த வழக்கத்தைப் பற்றி மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1940-இல் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத் தக்கது. கேலி செய்பவருக்கு உரிமை உண்டு, கேட்பவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. நெருங்கவும் வேண்டும், மோதலும் வந்துவிடக் கூடாது என்ற இக்கட்டான உறவுகளில்தான் இந்த ஏற்பாடு முளைக்கிறது என்பது அவர் விளக்கம். அப்பா கண்டிப்பானவராக இருந்தும் வீடு இறுகிப்போகாததற்கு, தீபாவளிக்கு வந்து அவருடைய கஞ்சத்தனத்தை ஊரறியக் கிண்டல் செய்த மாமாவும் ஒரு காரணம். அப்பாவும் மாமாவின் தொப்பையை விட்டுவைக்க மாட்டார்.

அந்த மாமா இப்போது இல்லை. தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை, 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 1.8, 2020-க்கான மாதிரிப் பதிவுக் கணக்கில் 1.4. ஒற்றைப் பெண்ணும் ஒற்றைப் பையனும் மணந்தால் அவர்கள் பிள்ளைக்குத் தாய்மாமனும் கிடையாது, அத்தையும் கிடையாது. இன்றைய நாற்பத்தைந்துக்காரர்களுக்கு உடன்பிறந்தோர் இருந்தாலும் ஒருவர் ஓசூரில், இன்னொருவர் சிங்கப்பூரில். இரண்டு படுக்கையறை வீட்டில் கண்டிப்பையும் கேலியையும் அப்பா, அம்மா இருவர்தான் நடத்தியாக வேண்டும்.

காலியான அந்த இடத்தை வாட்ஸ்அப் நிரப்புகிறது என்று சிலர் சொல்லக்கூடும். அங்கே உலவுவது வார இதழ்களின் பழைய சரக்குதான்: பூரிக்கட்டையோடு மனைவி, பாத்திரம் தேய்க்கும் கணவன். நடப்பு நேர்மாறானது. 2024-ஆம் ஆண்டுக்கான இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். பாத்திரம் தேய்க்காதவர்கள் தேய்ப்பதாகச் சொல்லிச் சிரிக்கும் ஜோக் இது. மச்சான் கேலிக்கு மறுகேலி உண்டு. இந்த ஜோக்குக்கு மனைவி பதில் சொன்னால் 'ஒரு ஜோக்கைக்கூட ரசிக்கத் தெரியவில்லை' என்கிறார்கள். பதிலடிக்கு வழியிருக்கிறதா என்பதை வைத்துத்தான் ஒரு கேலி வீட்டுக்கு ஆகுமா என்று முடிவுசெய்ய முடியும்.

சரி, அந்த இருவருக்குள் சிரிப்பு நிலைக்குமா? நீண்டகாலமாகச் சேர்ந்து வாழும் 87 தம்பதிகளின் உரையாடல்களை 13 ஆண்டுகள் பதிவுசெய்து ஆராய்ந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள், வயது ஏற ஏற அவர்களிடையே நகைச்சுவையும் அன்பும் கூடுவதையும், குறைகூறலும் தற்காப்புப் பேச்சும் குறைவதையும் 2018-இல் வெளியிட்டார்கள். பிரிந்துபோனவர்கள் இந்தக் கணக்கில் இல்லையே என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. சிரித்ததால் சேர்ந்திருந்தார்களா, சேர்ந்திருக்க முடிந்ததால் சிரித்தார்களா என்பதை இந்த ஆய்வு தீர்க்கவில்லை. ஆனால், சிரிப்பு இளமையோடு தீர்ந்துபோகும் சரக்கு என்ற எண்ணம் இதில் அடிபடுகிறது.

இதைவிடக் கடினமான மறுப்பு வேறொன்று. படுக்கையில் கிடக்கும் மாமியாரைக் கவனித்துக்கொண்டு, வட்டியும் கட்டும் பெண்ணிடம் போய்ச் சிரிக்கச் சொல்வது கொடுமை. சொல்லத்தான் கூடாது. அவருக்கு முதலில் தேவை ஓய்வும், வேலையைப் பகிரும் கணவரும், பணமும். ஆனால், துன்பத்தின் நடுவே சிரிப்பவருக்குத் துன்பமில்லை என்று நினைப்பதும் தவறு. சாவு வீட்டுத் திண்ணையில்கூடச் செத்தவரின் குறும்புகளைச் சொல்லிச் சிரிக்கும் ஊர் இது. அங்கேயும் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்ற எல்லை உண்டு. மறதி வந்த அப்பாவைப் பார்த்துச் சிரிப்பது எல்லை மீறல், அவரால் பதில் கொடுக்க முடியாது. கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடுகிற ஐம்பது வயது அப்பாவை மகள் நடித்துக் காட்டுவது அப்படியல்ல. அவர் முறைக்காமல் இருந்தால், அடுத்த வாரம் அவள் செய்யும் செல்ஃபி முகத்தை நடித்துக் காட்ட அவருக்கும் உரிமை வந்துவிடுகிறது.