எடுத்தலும் படுத்தலும்

ஆங்கிலத்தைப் பிழையின்றி எழுதவல்ல நம் மாணாக்கர் பலர், அதனைப் பேசுங்கால் நாணி நிற்பதை நாடோறும் காண்கின்றோம். சல்லியிலிருந்து திருகோணமலை நகருக்குப் படிக்க வந்த கடற்றொழிலாளர் மகனொருவன், ‘றெக்கோட்’ என்னுஞ் சொல்லைப் பெயராக வருமிடத்தும் வினையாக வருமிடத்தும் ஒரே வகையாய் வாசிக்க, வகுப்பு முழுதும் நகைத்தமையை நாம் மறந்திலோம். அதன்பின் அவன் ஆங்கிலப் பாடத்தில் வாய் திறந்திலன். பிழை அவனதன்று, விதியை எவரும் அவனுக்குச் சொல்லவில்லை.

விதி இதுவே. அச்சொல் ஒரு முன்னொட்டும் பகுதியும் சேர்ந்து அமைந்தது. பதிவு என்னும் பெயராயின் முதலசை அழுத்தம் பெறும். பகுதியின் முதன்மெய்யையும் தன்னோடு இழுத்து ‘றெக்’ என நிற்கும். பதிவுசெய் என்னும் வினையாயின், முன்னொட்டு ‘றி’ எனத் தனித்துத் தளர, ‘கோட்’ என்னும் பின்னசை அழுத்தம் பெறும். நம் துறைமுகத்தார் நன்கறிந்த ‘இம்போட்’, ‘எக்ஸ்போட்’ என்பனவும் பெயராயின் முன்னும் வினையாயின் பின்னும் அழுத்தம் பெறுவன. ‘றிப்போட்’ என்பதோ ஈரிடத்தும் பின்னசையிலேயே அழுத்தம் பெறும். விதிக்குப் புறநடையும் உண்டு.

இது தமிழ் மாணாக்கனுக்கு முற்றும் புதிதன்று. ‘உண்டான்’ என்பது எடுத்தலோசையால் வினையும், படுத்தலோசையால் உண்டவன் எனப் பொருள்படும் பெயருமாம் எனத் தொல்காப்பிய உரைகாரர் விளக்குவர். அழுத்தமற்ற ஆங்கில அசையில் உயிர் தேய்தலையும், உகரம் அரை மாத்திரையாகக் குறுகுதலைக் கற்றவன் எளிதில் உணர்வான். இரு மொழி வழக்கும் ஒன்றெனக் கூறோம். ஆயினும் தெரிந்ததினின்று தெரியாததற்குச் செல்லுதலே கற்பிக்கும் முறையாம். சேக்சுபியர் நாடகங்களை நம் நாடக இலக்கணத்தோடு பொருத்தி ‘மதங்க சூளாமணி’ இயற்றிய விபுலாநந்த அடிகள் காட்டிய நெறியும் இதுவன்றோ?

ஆதலின், தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஆண்டிற்குச் சில பாடவேளைகளேனும் ஒருங்கிருந்து இதனைக் கற்பித்தல் வேண்டும். பிழைபட உச்சரிப்பவனை நகையாடுதல் வகுப்பறையினின்று அறவே ஒழிதல் வேண்டும். விழாக் காலத்திற் கட்டடத்துக்குப் பொருள் திரட்டும் பழைய மாணவராகிய நாம், இதனையும் நம் கடனெனக் கொள்வோமாக. இதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை; சல்லிச் சிறுவன் மீண்டும் வாய் திறப்பானாயின், அதுவே போதிய பயன்.