எடைக்குப் போடும் முன் ஹார்ட் டிஸ்கை மாற்றுங்கள்

தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு இப்போது தரும் மடிக்கணினியில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் மாணவர்களுக்குக் கணினி என்று 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. அதற்கான டெண்டரில் கேட்கப்பட்டவை 8 ஜிபி ராமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும். 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதல் கணினிகளிலோ 2 ஜிபி ராமும் 320 ஜிபி ஹார்ட் டிஸ்கும் இருந்தன. பதினான்கு ஆண்டுகளில் கொள்ளளவு குறைந்திருக்கிறது, ஆனாலும் புதியதுதான் பல மடங்கு வேகம். சுழலும் தட்டின் காலம் முடிந்தது என்று அரசே டெண்டரில் எழுதிக் கொடுத்துவிட்டது. அப்படியானால் அந்தத் தட்டோடு ஏற்கெனவே கொடுக்கப்பட்ட 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை என்ன செய்வது என்பதையும் அரசு சொல்லியாக வேண்டும்.

விழுப்புரம், திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் பல குடும்பங்களுக்கு அந்த ‘கவர்மென்ட் லேப்டாப்’தான் வீட்டுக்கு வந்த முதல் கணினி. அண்ணன் படித்து முடித்து வேலைக்குப் போனபின் தங்கைக்கு வந்து, கடைசியில் பீரோ மேல் ஏறிவிட்ட கணினி அது. சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால் இரண்டு பதில்தான்: ஃபார்மட் அடித்துப் பார்க்கலாம், இல்லையென்றால் புதுசு வாங்கிவிடுங்கள். முதல் வைத்தியம் சில வாரங்கள் தாங்கும். இரண்டாவதற்குக் குறைந்தது இருபத்தைந்தாயிரம், முப்பதாயிரம் ரூபாய் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுவது. அதைத் தனித்தனி வீட்டின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடாமல், அரசே ஒரு திட்டமாகச் செய்ய வேண்டும் என்பதே என் வாதம்.

கணினி ஏன் திணறுகிறது என்று பார்த்தால் இது விளங்கும். மடிக்கணினி ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. வேண்டிய தகவல் ஊசிக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அதற்கு முன் ஊசி சரியான தடத்துக்கு நகர வேண்டும், அதற்கும் பத்து மில்லி விநாடிக்கு மேல் ஆகும். கூட்டிப் பார்த்தால் வெவ்வேறு இடங்களில் சிதறிக்கிடக்கும் தகவல்களை விநாடிக்கு அறுபது, எழுபது முறைதான் எடுக்க முடியும். விண்டோஸ் எழுந்து நிற்பதற்கோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடுகிறது. மாதக் கடைசியில் ஒரே ஊழியர் எடை போடும் ரேஷன் கடை வரிசைதான் அது. பில் போடும் கருவி எவ்வளவு வேகமானதாக இருந்தும் பயனில்லை. எஸ்எஸ்டியில் சுழல எதுவும் இல்லை. ஃபிளாஷ் சிப்பின் எந்த மூலையில் இருப்பதையும் ஏறத்தாழ ஒரு மில்லி விநாடியின் பத்தில் ஒரு பங்குக்குள் தொட்டுவிடும். பழைய போர்டில் சாட்டா வேகம் விநாடிக்கு 300 எம்பியோடு நின்றுவிடும், முழு வேகம் கிடைக்காது என்பார்கள். உண்மைதான். ஆனால் திணறல் அந்த உச்ச வேகம் போதாததால் வந்ததல்ல, தேடிக் காத்திருப்பதால் வந்தது. அந்தக் காத்திருப்பு பழைய போர்டிலும் போய்விடும்.

எஸ்எஸ்டி எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. 2 ஜிபி ராம் உள்ள கணினியில் பிரவுசரில் நான்கு பக்கம் திறந்தாலே இடம் தீர்ந்துவிடும். அதில் ராமையும் கூட்ட வேண்டும், கூட்ட ஸ்லாட் இல்லாவிட்டால் விட்டுவிடுவதே நல்லது. விண்டோஸ் கேள்வி இதைவிடச் சிக்கலானது. விண்டோஸ் 10-க்கான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலி வேண்டும். பழைய கணினிகளில் பெரும்பாலானவை அந்தக் கோட்டைத் தாண்டாது. மிச்சமிருப்பது லினக்ஸ். இது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தொடக்க ஆண்டுகளின் இலவசக் கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே இருந்தது. சொல்லிக்கொடுக்க ஆளில்லாததால் அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. அரசின் நான் முதல்வன் திட்டத்தின் இணையப் பாடங்களைப் பார்க்கவும், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் போடவும், தமிழில் தட்டச்சு செய்யவும் அதுவே போதும்.

எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்ற பயம் பழையது. 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றுக்குத் தயாரிப்பாளர் 80 டெராபைட் எழுதும் வரை உத்தரவாதம் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தினமும் 20 ஜிபி எழுதினாலும் பதினொரு ஆண்டு ஓடும், கணினியின் மற்ற பாகங்கள் அதற்கு முன்பே ஓய்ந்துவிடும். எனக்கு உறுத்துவது வேறு. ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் கரகரவென்று சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்எஸ்டி ஒரு நாள் காலையில் சொல்லாமல் போய்விடும், உள்ளிருப்பதை மீட்பதும் கடினம். ஆகவே கழற்றிய ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் யுஎஸ்பி கேஸில் போட்டு, சான்றிதழ்களுக்கும் படங்களுக்கும் இரண்டாவது நகலாக வைக்க வேண்டும், முடிந்தால் வேறொரு வீட்டில். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியதை நினைத்துப் பார்த்தால் இது மிகையான எச்சரிக்கையாகத் தோன்றாது.

விலைதான் இப்போது வலுவான மறுப்பு. இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைத்துவந்த 256 ஜிபி எஸ்எஸ்டி 2025 இறுதியிலிருந்து விலை ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போகின்றன. சில்லறை வாடிக்கையாளர்களுக்கான குருசியல் வணிகத்தையே மூடப்போவதாக மைக்ரான் நிறுவனம் அந்த டிசம்பரில் அறிவித்தது. ஆனால் சிப் விலை ஏறும்போது புதுக் கணினியின் விலையும் சேர்ந்தேதான் ஏறுகிறது, ஏனென்றால் அதற்குள் இருப்பதும் அதே சிப்புகள்தான். ஆகவே இடைவெளி குறைந்துவிடவில்லை. மொத்தமாக வாங்கும் அரசு நிறுவனமான எல்காட்டுக்குக் கிடைக்கும் விலை தனி ஆளுக்குக் கிடைக்காது என்பதும் இந்த நேரத்தில் கூடுதல் காரணம். தூக்கிப்போடுவதற்கும் ஒரு விலை உண்டு: 2022-இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவீதம்தான்.

வேலை செய்ய ஆளும் இடமும் தேட வேண்டியதில்லை. விழுப்புரம் காகுப்பத்திலும் திண்டிவனம் மேல்பாக்கத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. சில திருகாணிகளைக் கழற்றி, எஸ்எஸ்டியை மாட்டி, லினக்ஸ் ஏற்றி, பழைய கோப்புகளை நகலெடுத்துக் கொடுப்பது கணினி அறிவியல் மாணவர்களுக்கு நல்ல பயிற்சி. இதனால் சர்வீஸ் கடைக்காரர்களின் பிழைப்பு போகாது. பேட்டரி, கீபோர்டு, கீல் மாற்றும் வேலை அவர்களிடம்தான் வரும், பீரோ மேல் கிடக்கும் கணினியால் அவர்களுக்கு இப்போது எந்த வருமானமும் இல்லை. எல்காட்டின் அடுத்த டெண்டரில் தனி எஸ்எஸ்டிகளுக்கும் ஒரு வரி சேர்க்க வேண்டும். திட்டத்தின் பின்னாண்டுகளில் 4 ஜிபி ராமுடன் வந்த கணினிகளிலிருந்து தொடங்கலாம். அதற்கு முந்தையவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.