கணக்கு தெரிந்தவளுக்கு கடல் ஒரு தூரமா?

சில வாரங்களுக்கு முன் இப்பகுதியில் ஒரு சகோதரி எழுதியிருந்தார். "சம்பாதிக்கிற பெண்கள் தனியாக வெளிநாடு போய் வரட்டும். வீட்டில் இருக்கிற நமக்கு அது எதற்கு? கணவரின் உழைப்பை காற்றில் விடுவதா?" என்று. அவர் எழுதியதில் அக்கறை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த கருத்தை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை, தோழிகளே.

வெளிநாட்டு பயணத்துக்கு திட்டம் போட பெரிய படிப்பு வேண்டும், சரளமாக இங்கிலீஷ் வேண்டும் என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நான் பத்தாவது வரை படித்தவள். 2025-ல் திருச்சியிலிருந்து மலேசியாவுக்கு தனியாக போய் ஆறு நாள் இருந்துவிட்டு வந்தேன். அதற்கு வேண்டியிருந்தது மூன்றே விஷயம்தான். எது முக்கியம், எது தள்ளிப்போடலாம் என்று பிரிக்கத் தெரிய வேண்டும். கையில் இருப்பதற்குள் முடிக்கத் தெரிய வேண்டும். எதிர்பாராத செலவுக்கு கொஞ்சம் ஒதுக்கத் தெரிய வேண்டும். மாதா மாதம் ஒண்ணாம் தேதி நாம் செய்கிற வேலை இதுதானே?

முதலில், யாருடைய பணம் என்ற கேள்விக்கு வருகிறேன். புடவைக்கு ஃபால்ஸ் அடித்தும், பிளவுஸ் தைத்தும், வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தும் 2020-ல் அஞ்சலகத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி. ஆரம்பித்தேன். அப்போது வட்டி 5.8 சதவீதம். 60 மாதம் கட்டி முடித்ததும் 69 ஆயிரத்து சொச்சம் கைக்கு வந்தது. "அந்த காசுக்கு நகை வாங்கலாமே", "ஃப்ரிட்ஜ் மாத்தலாமே" என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஐந்து வருஷம் சேர்க்கிற வரைக்கும் அது என் பணம். சேர்ந்த மறுநாளே அது குடும்பத்து பணம். இந்த கூத்து நம்மில் எத்தனை வீட்டில் நடக்கிறது! பிள்ளைகள் படிப்புக்கோ வைத்தியத்துக்கோ என்றால் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் கொடுத்திருப்பேன். அந்த ஃப்ரிட்ஜ் இன்னமும் நன்றாகத்தான் ஓடுகிறது.

அடுத்து, ஏன் தனியாக? குடும்பத்தோடு போகக்கூடாதா? தாராளமாக போகலாம், நாலு பேருக்கு நாலு மடங்கு பணம் இருந்தால். இன்னொன்றும் உண்டு. குடும்பத்தோடு வெளியூர் போனால் நமக்கு சமையலறைதான் மாறும், வேலை மாறாது. ரைஸ் குக்கரும் புளிக்காய்ச்சலும் பெட்டியில் முதலில் ஏறும். மற்றவர்கள் மலையைப் பார்ப்பார்கள்; நாம் யாருக்கு பசிக்கிறது, யார் துண்டு காயவில்லை என்று பார்ப்போம். வாழ்க்கையில் ஆறு நாளாவது தனக்கு பசிக்கும்போது சாப்பிட்டு, தனக்கு பிடித்த இடத்தில் உட்கார்ந்துவிட்டு வர ஒரு பெண் ஆசைப்படுவது தப்பா?

இனி கணக்கைச் சொல்கிறேன். எனக்கு தெரிந்த ஒரு டூர்காரர் 85 ஆயிரம் கேட்டார். தனி அறை வேண்டுமென்றால் அதற்கு மேலும் என்றார். டிக்கெட்டும் அறையும் சேர்ந்த வெளிநாட்டு பேக்கேஜ் என்றால் டி.சி.எஸ். என்று ஒரு வரியும் பிடிப்பார்கள். யார் பான் எண்ணில் பிடித்தார்களோ அவர் வருமான வரி கணக்கு தாக்கல் செய்தால்தான் அதை சரிக்கட்டவோ திரும்ப வாங்கவோ முடியும். கணக்கே தாக்கல் செய்யாத இல்லத்தரசிகள் இதை யோசிக்க வேண்டும். அதனால் நானே ஒவ்வொன்றாக போட்டேன்.

ஒரு ரிங்கிட் அப்போது இருபது ரூபாய்க்கு கொஞ்சம் மேல். நான் 25 ரூபாய் என்றே வைத்துக்கொண்டேன். காய்கறிக்கு போகும்போது ஐம்பது ரூபாய் கூட வைத்து எடுத்துப்போவோமே, அது மாதிரி. விமான டிக்கெட் போக வர, பெட்டிக்கான கட்டணத்தோடு 17,500. ஐந்து இரவுக்கு அறை, இரவுக்கு 100 ரிங்கிட் வீதம் 500. வெளிநாட்டவர்களிடம் அங்கே அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வாங்குகிறார்கள், அது 50. ஆக 550 ரிங்கிட், 13,750 ரூபாய். சாப்பாடு நாளைக்கு 40 ரிங்கிட் வீதம் ஆறு நாளைக்கு 6,000. ரயில், பஸ், வாடகைக் காருக்கு 260 ரிங்கிட், 6,500. நுழைவுச்சீட்டு, சில்லறைச் செலவு 2,500. இன்சூரன்ஸ், அங்குள்ள சிம் கார்டு 1,750. கூட்டினால் 48,000. பரிசுப் பொருளுக்கு தனி உறையில் 3,000. அவசரத்துக்கு 9,000. மொத்தம் 60,000. பாஸ்போர்ட்டுக்கு 1,500 தனி. அது பத்து வருஷத்துக்கு ஒரு தடவை செலவு.

கடைசியில் ஆன செலவு 49 ஆயிரத்து சொச்சம்தான். காரணம் ரொம்ப சாதாரணம். விமான நிலையத்திலிருந்து கோலாலம்பூர் சென்ட்ரலுக்கு வேக ரயிலில் 55 ரிங்கிட். பஸ்சில் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பத்துமலைக்கு சென்ட்ரலிலிருந்தே சாதாரண ரயில் போகிறது. பினாங்குக்கு ரயிலில் பட்டர்வொர்த் வரை போய், அங்கிருந்து சில்லறைக் காசில் படகில் கடலைத் தாண்டினேன். நல்ல ரொட்டி சனாயும் தே தாரிக்கும் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் வாழை இலையில் சாப்பாடே போடுகிறார்கள்.

ஆனால் சகோதரிகளே, எல்லாவற்றிலும் சிக்கனம் கூடாது. மூன்று இடத்தில் காசு பார்க்கவே கூடாது. ஒன்று, போய் இறங்கும் நேரம். நடுராத்திரி இறங்கும் விமானம் ஆயிரம் இரண்டாயிரம் குறைவாக இருக்கலாம், வேண்டாம். பகலில் இறங்கினால் பயமும் பாதியாகும், வாடகைக் கார் செலவும் குறையும். இரண்டு, அறை இருக்கும் இடம். ரயில் நிலையத்துக்கு பக்கத்தில், ஆள் நடமாட்டமுள்ள தெருவில் இருக்க வேண்டும். அங்கே தங்கிய பெண்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று படித்துவிட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும். மூன்று, இன்சூரன்ஸ். சில நூறு ரூபாய் சமாச்சாரம். அங்கே ஆஸ்பத்திரி செலவு என்று வந்தால் ஆர்.டி. முழுவதும் போய்விடும்.

பணம் எடுத்துப்போவதிலும் விவரம் வேண்டும். 2020-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி புதிதாக தரும் ஏ.டி.எம். கார்டுகள் உள்நாட்டு உபயோகத்துக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டு உபயோகத்தை நாம்தான் திறந்துவிட வேண்டும். பல வங்கிகள் வெளிநாட்டில் கார்டு தேய்த்தால் நூற்றுக்கு மூன்று, மூன்றரை ரூபாய் கூடுதலாக பிடிக்கின்றன. "ரூபாயில் எடுக்கவா, ரிங்கிட்டில் எடுக்கவா?" என்று கடை மிஷின் கேட்டால் ரிங்கிட் என்றே சொல்ல வேண்டும், ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் விலை. ரொக்கத்தை உரிமம் பெற்ற இடத்தில் மாற்றி, ரசீது வாங்கி, மூன்று இடத்தில் பிரித்து வைத்துக்கொள்ளலாம். நகையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். போகும்போது போட்டிருந்த நகை நம்முடையதுதான் என்று திரும்பும்போது சுங்கத்தில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாமே.

பாஸ்போர்ட்டுக்கு கணவர் கையெழுத்து வேண்டும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். வேண்டாம். 2016 டிசம்பரிலேயே திருமணச் சான்றிதழ் கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டார்கள். கணவர் கையெழுத்து கேட்டு அலைக்கழிக்கப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கில், மனைவி பாஸ்போர்ட் வாங்க கணவரின் அனுமதி தேவையில்லை என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அவரிடம் கலந்து பேசுவது அன்பு. அனுமதி கேட்பது சட்டத்தில் இல்லை. பத்தாவது பாஸான சான்றிதழ் இருந்தால் மறக்காமல் கொண்டுபோங்கள். அது இல்லையென்றால் ஈ.சி.ஆர். என்று குறிப்பார்கள். சுற்றுலா போக அது தடை இல்லை; மலேசியா, வளைகுடா மாதிரி நாடுகளுக்கு வேலைக்குப் போனால்தான் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டியிருக்கும்.

மலேசியாவுக்கு இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் வரலாம் என்று 2023 டிசம்பர் 1 முதல் விட்டார்கள். பிறகு அதை 2026 டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். இதெல்லாம் மாறக்கூடியது என்பதால், டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் அந்த நாட்டு குடிநுழைவுத் துறையின் மின்னணு வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்டால் போலி. பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது ஆயுள் மிச்சமிருக்க வேண்டும். தனியாக போகிற பெண்ணை விமான நிலையத்தில் நாலு கேள்வி கேட்பார்கள். திரும்பி வரும் டிக்கெட், அறை பதிவு, கையிலுள்ள பணம் மூன்றையும் காட்டினால் போதும், பதற வேண்டாம். அந்த கேள்விகளுக்கு காரணம் இருக்கிறது. "டிக்கெட் நாங்க போடறோம், சும்மா விசிட்ல வாங்க, அங்க வேலை இருக்கு" என்று அழைத்துப்போய் பெண்களை வீட்டு வேலையில் மாட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சுற்றுலா அனுமதியில் போய் வேலை செய்வது சட்டப்படி குற்றம், மாட்டிக்கொள்வது நாம்தான். அடுத்தவர் காசில் வரும் இலவசப் பயணத்துக்கு மட்டும் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள்.

கடன் வாங்கியோ, நகையை அடகு வைத்தோ போவதையும் நான் ஆதரிக்க மாட்டேன். ஆறு நாள் சந்தோஷத்துக்கு ஆறு மாசம் வட்டி கட்டுவது புத்திசாலித்தனம் இல்லை. பணம் சேரவில்லையென்றால் இன்னும் ஒரு வருஷம் பொறுக்கலாம். முருகன் அங்கேயேதான் நிற்பார். பத்துமலையில் 2006-ல் திறந்த 140 அடி முருகன் சிலைக்குப் பக்கத்தில் 272 படிகள். முட்டி வலியோடு அதை ஏறிய எனக்கு, யாரையும் கைப்பிடித்து இழுக்காமல், யாருக்காகவும் அவசரப்படாமல், நின்று நின்று ஏறியதுதான் பெரிய சுகமாக இருந்தது. படியில் பக்கத்தில் ஏறிய அம்மா தமிழில்தான் பேச்சுக் கொடுத்தார். "எங்க இருந்து வர்றீங்க? தனியாவா?" என்றார். "ஆமாங்க" என்று சொல்ல எனக்கு கூச்சமாகவே இல்லை.

"பாதுகாப்பு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எந்த நாள் எங்கே, எந்த ரயில், எந்த அறை என்று தாளில் எழுதி வீட்டு அலமாரியில் ஒட்டிவிட்டு போனேன். காலை, ராத்திரி இரண்டு வேளை போன். இருட்டிய பிறகு புதிய இடத்துக்கு நடை இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டில் என்னிடம் கேட்டவர்களில் பாதி பேர் "உனக்கு ஏதாவது ஆகிட்டா?" என்று கேட்கவில்லை, "அதுவரைக்கும் சமையலுக்கு?" என்றுதான் கேட்டார்கள். பயம் என் பாதுகாப்பைப் பற்றியது என்றால் பதில் சொல்லலாம். அடுப்பைப் பற்றியது என்றால் அதற்கு அவர்கள்தான் பதில் தேட வேண்டும். தேடினார்கள். என் கணவரும் பிள்ளைகளும் ஆறு நாளில் சாம்பாரும் ரசமும் வைத்து, துணி துவைத்து, பள்ளிக்கூடமும் போய்விட்டார்கள். வானம் இடிந்து விழவில்லை.

எதிர்த்துப் பேசுவார் என்று நான் நினைத்த என் மாமியார், கடைசி நாள் பெட்டி கட்டும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நான் சமயபுரத்த தாண்டி தனியா போனதே இல்லம்மா. நீ போய்ட்டு வா" என்றார். எழுபது வருஷ வாழ்க்கையில் லால்குடியிலிருந்து சமயபுரம் வரைக்கும்தான் அவருடைய தனிப் பயணம். அவருக்கு ஆசை இல்லாமலா இருந்திருக்கும்? யாரும் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேராக போனால் நாலு மணி நேரம். நம் ஊர் பஸ்சில் சென்னைக்குப் போக அதைவிட அதிக நேரமாகும். நமக்கு தூரம் என்பது கிலோமீட்டரில் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அதனால் அந்த சகோதரிக்கு நான் சொல்வது இதுதான். கணவரின் உழைப்பை காற்றில் விட வேண்டாம். நம் உழைப்பையும் விட வேண்டாம். மலேசியாதான் என்று இல்லை. பக்கத்து நாடோ, பக்கத்து மாநிலமோ, எதுவாகவும் இருக்கட்டும். உங்கள் பெயரில் ஓர் ஆர்.டி. ஆரம்பியுங்கள், ஐந்நூறு ரூபாயாக இருந்தாலும் சரி. உங்கள் பெயரில் ஒரு பாஸ்போர்ட் எடுத்து வையுங்கள். அது அலமாரியில் சும்மா கிடந்தாலும் நஷ்டமில்லை. எதற்காக சேர்க்கிறோம் என்பதை முதல் மாதமே வீட்டில் சொல்லிவிடுங்கள். அப்போது ஐந்து வருஷம் கழித்து "இது எதுக்கு?" என்று யாரும் கேட்க முடியாது. மாமியாரோ அம்மாவோ வீட்டில் இருந்தால், அவர்களுக்கு எங்கே போக ஆசை என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன். மிச்சமான 20 ஆயிரத்தில் கொஞ்சம் இப்போது அவருடைய ராமேஸ்வரம் கணக்கில் இருக்கிறது.

- ஒரு வாசகி, லால்குடி.