சேமித்த ஆட்டம் யாருடையது?

கணினி விளையாட்டு வெட்டிவேலை என்பார் நம்மவர்களில் பலர். ஆனாலும் பிள்ளை வாரக்கணக்கில் ஆடிச் சேமித்தது அவனுடைய உழைப்புதானே?

பாறசாலை, நெய்யாற்றங்கரைப் பள்ளிகளில் நம் பிள்ளைகள் பழகும் 'கைட்' லினக்ஸ், உபுண்டு வழி வந்தது. உபுண்டுவுக்கு மூலம் டெபியன். அதில் 'நெட்ஹேக்' என்று 1987-இல் தோன்றிய ஓர் ஆட்டம் உண்டு. புதிய பதிப்பு பழைய சேமிப்பைப் படிக்காது என்றால், நிறுவும்போதே டெபியன் கேட்கும்: காப்பு எடுக்கவா, அழிக்கவா, அப்படியே விடவா, நிறுவலையே நிறுத்தவா? கேட்பது நல்ல பண்புதான். ஆனால் அந்தக் காப்பை வைப்பது 'டெம்ப்' டைரக்டரியில்! கணினியை அணைத்துப் போட்டால் அதைத் துடைத்துவிடுவது டெபியனின் நெடுநாள் வழக்கம்.

ரயில்வேயில் அந்தக் காலத்தில் மீட்டர்கேஜ் சரக்கைப் பிராட்கேஜ் வண்டிக்கு மாற்றியபோது, மூட்டைகளை எண்ணிப் பதிவு செய்துதான் ஏற்றினார்கள். தண்டவாளத்தின் மேல் இறக்கிவிட்டுப் போனதில்லை. மென்பொருள்காரர்களுக்கு மட்டும் ஏன் இந்த அலட்சியம்? நிலையான இடத்தில் வைத்து, இன்ன இடம் என்று சொல்லவேண்டும்.

பெற்றோர்களே, புதுப்பிக்கும் முன் பிள்ளையைக் கேட்டுப் பென்டிரைவில் ஒரு பிரதி எடுங்கள். 'ஹோம்' டைரக்டரி மட்டும் போதாது. டெபியனில் நெட்ஹேக் சேமிப்பு 'வார்' டைரக்டரியின் 'கேம்ஸ்' பகுதியில் இருக்கும். பழைய பதிப்பையும் வைத்திருங்கள். அது இருந்தால்தான் பாதியில் நிற்கும் ஆட்டத்தை முடிக்கலாம்.