முதலில் இருக்கை, பிறகே இன்ஜின்

தரைவேகப் பந்தயத்துக்குச் சொந்தமாகக் கார் கட்டுகிறவர்களின் செலவுக் கணக்கில் ஓட்டுநர் இருக்கை பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில்தான் வருகிறது. இன்ஜின், டர்போ, கியர்பெட்டி, டயர், பாரசூட் என்று எல்லாம் வாங்கியாகிவிடும். பாதுகாப்புக் கூண்டும் வெல்டிங் ஆகி நிற்கும். அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் இடத்தில் எது நுழைகிறதோ, மிச்சமிருக்கும் பணத்துக்கு எது கிடைக்கிறதோ, அதுவே இருக்கை ஆகிவிடுகிறது. கையில் காசு இல்லை, அதனால்தான் இப்படி என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். இந்தக் காரணத்தில் பாதி உண்மைகூட இல்லை. நல்ல இருக்கைக்கு எவ்வளவு செலவாகும் என்பது கடையின் விலைப்பட்டியலைப் பொறுத்ததைவிட, கார் கட்டும் வேலையில் அதை எந்தக் கட்டத்தில் முடிவு செய்கிறோம் என்பதைப் பொறுத்ததே அதிகம். தொடக்கத்திலேயே முடிவு செய்தால் குறைந்த செலவில் காரியம் நடக்கும். கடைசிவரை தள்ளிப்போட்டால் எவ்வளவு கொட்டினாலும் முழுதாகச் சரிவராது.

பணம் இந்த விளையாட்டில் எவ்வளவு இறுக்கமான விஷயம் என்பதை மறந்துவிட்டு இதை எழுதவில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து போனவில் உப்புவெளியில் 1949இல் தொடங்கிய வேக வாரத்தில் பரிசுப்பணம் கிடையாது. சாதனைப் பட்டியலில் ஒரு வரி, சக போட்டியாளர்களின் மதிப்பு, இவ்வளவுதான் வரவு. செலவெல்லாம் கைக்காசு. போட்டியை நடத்தும் தென் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் 1937இல் தோன்றியதிலிருந்து இன்றுவரை தொண்டர்களின் உழைப்பில்தான் ஓடுகிறது. இத்தனை செய்தும் உப்புத்தளம் ஒத்துழைக்காவிட்டால் வண்டியை இறக்கவே முடியாது; 2014, 2015 இரண்டு ஆண்டுகளிலும் வேக வாரமே ரத்தானது. ஆஸ்திரேலியாவின் கெய்ர்ட்னர் ஏரிக்கு நீண்ட தூரம் வண்டியை இழுத்துச் செல்கிறவர்களுக்கும் இந்த மனக்கணக்கு பழக்கமானதே. ஆகவே 'பாதுகாப்புக்கு விலை பார்க்காதே' என்று மேடையில் பேசுவதால் யாருக்கும் பயனில்லை. விலை பார்க்கத்தான் வேண்டும். எதற்காகப் பார்க்கிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

"உப்புவெளியில் மோத என்ன இருக்கிறது? சுவர் உண்டா, மரம் உண்டா? சறுக்கினால் சுழன்று தானே நிற்கும்" என்பது நெடுநாளாகக் கேட்டுவரும் வாதம். பாதி சரியான வாதம் என்பதால்தான் இது ஆபத்தானது. மணிக்கு 200 மைல், அதாவது 322 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் 400 மீட்டர் தூரம் சறுக்கி நின்றால், சராசரி வேகத்தணிப்பு 1 ஜி அளவுதான். சாலையில் பலமாகப் பிரேக் போடுவதைவிடச் சற்றே அதிகம். ஆனால் பக்கவாட்டில் திரும்பிய கார் அப்படிச் சீராக நிற்பதில்லை. டயரோ அடிச்சட்டமோ உப்பில் குத்திக்கொள்ளும், கார் உருளும். ஒவ்வொரு உருளலிலும் கூண்டின் வேறொரு மூலை தரையில் அறையும். இடம், வலம், மேல், கீழ் என்று எந்தத் திசையிலிருந்தும் நொடியில் சிறு பகுதியே நீடிக்கும் கடும் அடிகள் விழும். வட்டப் பாதைப் பந்தயத்தில் எந்தப் பக்கத்துச் சுவர் வரும் என்று ஓரளவு ஊகிக்கலாம். நம் பந்தயத்தில் திசையை ஊகிக்கவே முடியாது. சுவர் இல்லாததால் இருக்கையின் வேலை குறையவில்லை. எல்லாப் பக்கமும் காக்க வேண்டியதாகிவிட்டது.

இங்கே ஒரு எளிய கணக்கை ஒவ்வொரு கட்டுநரும் போட்டுப் பார்க்க வேண்டும். ஹெல்மெட்டுக்கும் பக்கத்துத் தலைத்தாங்கிக்கும் நடுவே 10 சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கூண்டு பக்கவாட்டில் 20 ஜி வேகமாற்றத்துக்கு உள்ளாகிறது. கழுத்தின் பிடிமானத்தை ஒதுக்கிவிட்டால், தலை தாங்கியைத் தொடும் நேரத்தில் இரண்டுக்கும் இடையிலான வேகம், 2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகத்துக்குச் சமம். இடைவெளியை ஜி எண்ணால் பெருக்கினால் விழும் உயரம் கிடைத்துவிடும். இதே இடைவெளியை 2 சென்டிமீட்டராகக் குறைத்தால் உயரம் 40 சென்டிமீட்டராகக் குறைகிறது. ஹெல்மெட் ஒன்றே, அடியும் ஒன்றே. தாங்கியைச் சற்று உள்ளே தள்ளி வைத்ததுதான் வித்தியாசம். முதுகுக்கும் இதே கணக்குதான். சொகுசாக இருக்கட்டும் என்று இருக்கையின் அடியில் மெத்தென்ற பஞ்சு போடுகிறவர், அந்தப் பஞ்சு நசுங்கும் தூரம் முழுவதும் தன் முதுகெலும்பை விழவிடுகிறார். ஸ்ட்ரீம்லைனர் வகைக் காரில் பின்சாய்ந்து படுத்தபடி ஓட்டுகிறவருக்கு இடுப்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிப் போகும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும். தொடைகளுக்கு இடையே வரும் பட்டைகளும், தொடைக்கு அடியில் சற்று மேடிட்ட இருக்கைத் தளமும் அங்கே கட்டாயத் தேவை.

உடலைச் சரியாகப் பிடித்து வைத்தால் அது எவ்வளவு தாங்கும் என்பதை 1954 டிசம்பர் 10 அன்று அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப் ராக்கெட் சறுக்குவண்டியில் காட்டினார். மணிக்கு 632 மைல் வேகத்திலிருந்து 1.4 நொடியில் நின்ற அந்த ஓட்டத்தில் அவர் உடல் 46.2 ஜி உச்சத்தைத் தாங்கியது. கண்களில் இரத்தம் கட்டியது, உயிர் தப்பியது. இறுக்கமாகக் கட்டிய பட்டைகளும் அசையாத இருக்கையும் இல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. பிடிப்பு பலவீனமான இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு 2001 பிப்ரவரியில் டேடோனாவில் இறந்த நாஸ்கார் பந்தய ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் சாட்சி: மண்டையோட்டின் அடிப்பகுதி முறிவு. தலையையும் கழுத்தையும் காக்கும் ஹான்ஸ் கருவியை, உயிர்இயக்கவியல் பேராசிரியர் ராபர்ட் ஹப்பார்டும் பந்தய ஓட்டுநர் ஜிம் டவுனிங்கும் 1980களிலேயே உருவாக்கியிருந்தார்கள். நாஸ்கார் தலைக்காப்பைக் கட்டாயமாக்கியது 2001 அக்டோபரில். கோடிக்கணக்கில் பணம் புரளும் அந்தப் பந்தயத்தில் இத்தனை ஆண்டுத் தாமதத்துக்குக் காசில்லாமை காரணமாக இருந்திருக்க முடியுமா? வசதிக்குறைவு, பழக்கம், 'எனக்கு எதுவும் ஆகாது' என்ற நினைப்பு, இவையே தடுத்தன. நம்மிடமும் அவை இருக்கின்றன. நம்முடையதற்கு மட்டும் சிக்கனம் என்று பெயர் வைத்திருக்கிறோம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹான்ஸ் பெரும்பாலும் முன்னோக்கிய அடியைத்தான் தடுக்கும். பக்கவாட்டில் தலையைப் பிடிக்க வேண்டியது இருக்கைதான். ஹான்ஸ் வாங்கியாகிவிட்டது, இனி இருக்கை எதுவானாலும் சரி என்று கணக்குப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி செலவுக்கு வருவோம். கார் கட்டும் வேலையை ஓட்டுநரின் உடலிலிருந்து தொடங்க வேண்டும். தீப்பிடிக்காத உடை, ஹெல்மெட், ஹான்ஸ் எல்லாம் அணிந்தபடி, அட்டையிலோ ஒட்டுப்பலகையிலோ செய்த மாதிரி இருக்கையில் அவரை உட்கார வைத்து, தோள், இடுப்பு, தலை ஆகியவற்றின் அளவை எடுத்து, அதைச் சுற்றிக் கூண்டை வரைய வேண்டும். இந்தக் கட்டத்தில் ஒரு குழாயை 5 சென்டிமீட்டர் நகர்த்த அழிப்பான் போதும். வெல்டிங் முடிந்த பிறகு அதே குழாயை நகர்த்த வேண்டுமானால் அறுத்து, மறுபடி பொருத்தி, மறுபடி பரிசோதனைக்குக் காட்டி அலைய வேண்டும். பெரும்பாலோர் அதைச் செய்வதில்லை. குழாய் அங்கேயே இருக்கும், தலைத்தாங்கி மெலியும், இடைவெளி கூடும். தோள் பெல்ட்டின் பிடிமானம் தோள் மட்டத்திலிருந்து பின்னோக்கிக் கிடையாகவோ சற்றே தாழ்ந்தோ அமைய வேண்டும் என்பதும் வரைபடத்திலேயே முடிய வேண்டிய விஷயம். அது மிகத் தாழ்ந்துபோனால் அடிபடும்போது பெல்ட் முதுகெலும்பையே கீழ்நோக்கி அழுத்தும். இருக்கையும் பெல்ட்டும் ஒரே கூண்டில் பிடித்திருக்க வேண்டும். இருக்கையைத் தரைத்தகட்டிலும் பெல்ட்டைக் கூண்டிலுமாகப் பிரித்து மாட்டினால், தகடு நெளியும் நேரத்தில் ஓட்டுநர் ஒரு பக்கமும் பெல்ட் ஒரு பக்கமும் போகும். அலுமினிய இருக்கையில் போல்ட் தலைக்கு அடியில் அகலமான வாஷர் இல்லையென்றால், போல்ட் உடைவதற்கு முன்பே தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். பெல்ட் நுழையும் துளையின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். வெட்டிய தகட்டின் ஓரம் நகத்தில் உரசினால், அதே ஓரம் ஒவ்வொரு ஓட்டத்திலும் பெல்ட்டின் நூலை அறுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். விளிம்புக்கு ஒரு ரப்பர் வளையம் போட எவ்வளவு ஆகும்?

இருக்கையை முதலில் முடிவு செய்யச் சொல்வதை எல்லாவற்றையும் முதலிலேயே வாங்கச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் கார்கள் கட்டி முடிய ஆண்டுகள் ஆகின்றன. எஸ்.எஃப்.ஐ. 16.1 முத்திரை கொண்ட பெல்ட்டின் ஆயுள் தயாரித்த நாளிலிருந்து 2 ஆண்டு. எஃப்.ஐ.ஏ. 8855-1999 தரத்து இருக்கைக்கு 5 ஆண்டு. உற்சாகத்தில் முதல் மாதமே வாங்கி வைத்தால், கார் உப்பைத் தொடும் முன்பே பெல்ட்டின் காலம் முடிந்திருக்கும். அளவெடுக்கும் வேலைக்குக் காலாவதியான பழைய பெல்ட் போதும். புதியதைச் சீசனுக்கு முன்பு வாங்கினால் முழு ஆயுளும் ஓட்டத்துக்குக் கிடைக்கும். இந்தக் காலாவதித் தேதியே வியாபாரத் தந்திரம் என்று சிலர் சொல்கிறார்கள். தயாரிப்பாளருக்கு அதில் ஆதாயம் உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் வெயிலில் பெல்ட் துணியின் வலிமை குறைவதும், உப்புத்தூள் கொக்கிக்குள் புகுந்து அரிப்பதும் உண்மையே. உப்பின் வெண்மையில் பட்டுத் திரும்பும் வெயிலில் நாள் முழுதும் நிற்கும் காருக்கு அந்த வாதத்தைச் சொல்லித் தப்பிக்க இயலாது.

வாங்கும்போதும் வழி இருக்கிறது. வட்டப் பாதைப் பந்தயக்காரர்கள் கழித்துவிடும் அலுமினிய இருக்கைகள் மலிவாகக் கிடைக்கும். இடுப்பளவு பொருந்தி, வெல்டிங் ஓரங்களில் விரிசல் இல்லையென்று நிறமூட்டிச் சோதித்துவிட்டால் அவற்றுக்குத் தலை, தோள் தாங்கிகளைச் சேர்த்துப் பலப்படுத்தலாம். விபத்தில் அடிபட்ட அலுமினியம் நெளிந்தோ வெடித்தோ காட்டிக்கொடுக்கும். இழைக் கலவையில் செய்த இருக்கை அப்படியில்லை. உள்ளடுக்குகள் பிரிந்திருந்தாலும் மேலே பளபளவென்றுதான் இருக்கும். வரலாறு தெரியாத பழைய கார்பன் இருக்கையை எந்த விலைக்கும் வாங்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. உடலுக்கும் தகட்டுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தை நிரப்ப, இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றும், அடியை உள்வாங்கும் நுரை இருக்கிறது. முழு உடையோடு ஓட்டுநரை உட்கார வைத்து, பெல்ட்டை இறுக்கி, முதுகுக்குப் பின்னால் பிளாஸ்டிக் பையில் அதை ஊற்றினால் சில நிமிடங்களில் உடலின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். மேலே தீப்பிடிக்காத உறை போட வேண்டும். பல ஓட்டுநர்கள் ஒரே நாளில் சேர்ந்து வாங்கி ஊற்றினால் ஆளுக்கு ஆகும் செலவு குறையும். சங்கங்கள் இதை ஏன் இன்னும் வழக்கமாக்கவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

"அந்தக் காலத்தில் போர் விமானத்து உபரி இருக்கையில் உட்கார்ந்து ஓட்டவில்லையா?" என்பார்கள். ஓட்டினார்கள். 1946இல் பில் பர்க் போர் விமானத்தின் உபரி எரிபொருள் தொட்டியைக் காராக்கி நம் லேக்ஸ்டர் வகைக் கார்களுக்கு வழிகாட்டினார். அந்தக் கற்பனைவளத்துக்கு நாம் என்றும் கடன்பட்டவர்கள். அன்றைய வேகம் மணிக்கு 130 மைல் அளவு. இன்று 300 மைலைத் தொடுகிறவர் அதைப்போல ஐந்து மடங்குக்கும் மேலான ஆற்றலைச் சுமந்து போகிறார். பிழைத்தவர்கள் கதை சொல்ல இருக்கிறார்கள். 1960இல் போனவில்லில் உயிரிழந்த அதோல் கிரஹாமும், 1962இல் அங்கேயே உயிரிழந்த கிளென் லீஷரும் கதை சொல்ல இல்லை.

விதிகளைக் கூட்டிக்கொண்டே போனால் இளைஞர்கள் வரமாட்டார்கள் என்ற கவலையை மட்டும் என்னால் எளிதில் ஒதுக்க முடியவில்லை. அதில் நியாயம் இருக்கிறது. அதற்கான விடை வேகத்தைப் படிப்படியாக ஏற்றுவதில் இருக்கிறது. யூட்டா உப்புவெளிப் பந்தயச் சங்கத்தின் 130 மைல், 150 மைல் கிளப்புகள் இந்த வழியைத்தான் காட்டுகின்றன. 200 மைலோடு ஒப்பிட்டால் 150 மைலில் இயக்க ஆற்றல் 56 சதவீதம்தான். நம் விளையாட்டில் சிறிய இன்ஜினுக்கும் தனி வகுப்பு உண்டு, அங்கே எடுத்த சாதனையும் சாதனையே. கையிலுள்ள பணத்துக்கு எந்த வேகம்வரை நல்ல இருக்கை அமைக்க முடியுமோ, அந்த வேகத்துக்குரிய வகுப்பைத் தேர்ந்தெடுப்பது கௌரவக் குறைவு ஆகாது. ஒரே ஓட்டத்தில் வெடித்துவிடக்கூடிய இன்ஜினுக்குக் கடன் வாங்கத் துணிகிறவர், அதன் அளவை ஒரு படி குறைத்து அந்தப் பணத்தை இருக்கைக்குத் திருப்புவதுதான் சரியான சிக்கனம்.

அடுத்த சீசனுக்கு முன் ஒரு மாலையை ஒதுக்குங்கள். முழு உடை, ஹெல்மெட், ஹான்ஸ், பெல்ட் எல்லாவற்றோடும் உங்கள் காரில் உட்காருங்கள். தலையின் இரு பக்கமும், பின்னாலும், மேலேயும், தோளிலும் இடுப்பிலும் எத்தனை சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறதென்று நண்பர் ஒருவரை அளக்கச் சொல்லி எழுதி வையுங்கள். ஒவ்வொன்றையும் 20 ஆல் பெருக்குங்கள். கிடைக்கும் எண்களைக் காரின் படத்தோடு நமக்கு அனுப்புங்கள். பெயர் வெளியிடாமல் அடுத்த இதழில் அவற்றைத் தொகுத்து, தொழில்நுட்பப் பரிசோதகர்களின் பார்வைக்கு வைப்போம்.